டைம்பீஸ் ஆத்தாவுடையது, போசி உங்களுடையது

கேள்வி: கோபி வட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பண்ணையம்தான் பிழைப்பு, நடுநடுவே எழுதுவேன். 2019இல் ஒரு சிற்றிதழில் என் சிறுகதை வந்தது. ஒரே கிணற்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் அண்ணன் தம்பி. அண்ணன் இறந்துபோகிறான். ராத்திரி கரண்ட் வரும்போது முறை மாற்றிவிட டைம்பீஸை வைத்துக்கொண்டு சாளை (தோட்டத்து வீடு) திண்ணையில் படுத்திருக்கும் ஆத்தா, மூத்த மருமகளின் முறை வரும்போதெல்லாம் முள்ளைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளிவிடுகிறாள். தம்பிக்கு அது தெரியும், கேட்பதில்லை. இவ்வளவுதான் கதை. டைம்பீஸைத் திருப்பி வைத்தது என் சொந்த ஆத்தா (அப்பாவின் அம்மா), எங்கள் வீட்டில் நடந்ததுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. 2021இல் எங்கள் பக்கம் படப்பிடிப்புக்கு இடம் பார்க்க வந்த ஓர் உதவி இயக்குநர் கேட்டாரென்று கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அருமைங்க அக்கா" என்று பதில் போட்டார். போன வருடம் ஒரு படம் வந்தது. அதே கிணறு, அதே ஆத்தா, அதே டைம்பீஸ். அதை வைக்கிற போசி, அந்தப் பித்தளைப் பாத்திரம்கூட அதேதான். அந்த உதவி இயக்குநரின் பெயர் திரையில் ஓடுகிறது, என் பெயர் இல்லை. "ஃபேஸ்புக்கில் போட்டுக் கிழிச்சிரலாம் அத்தை" என்கிறான் அண்ணன் மகன். "சினிமாக்காரங்களோட நமக்கெதுக்கு வம்பு, வெள்ளாமையப் பாரு" என்கிறார் வீட்டுக்காரர். எனக்குப் பணம் வேண்டாம். இது திருட்டுத்தானா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த கதையைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். மறுநாள் கதையை இன்னொரு தடவை படித்துவிட்டு, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விவகாரம் இன்னும் எங்கும் பதிவாகவில்லை என்பதால் படத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை.

உங்களுக்கு முதலில் கசப்பான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். "அதே கிணறு, அதே ஆத்தா, அதே டைம்பீஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் எதற்கும் நீங்கள் சட்டப்படி சொந்தம் கொண்டாட முடியாது.

கிணற்றுப் பங்கு நம் கொங்கு நாட்டின் பொதுக்கதை. பவானியில் தொடங்கித் தாராபுரம் வரைக்கும் எந்தக் கிரயப் பத்திரத்தைப் பிரித்தாலும் கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, மோட்டார் பம்புசெட்டில் பாத்தியம், வாய்க்கால் தடம் என்று ஒரு பத்தி இருக்கும். தண்ணீர் முறைக்காகப் பேச்சு வார்த்தை அற்றுப்போன பங்காளி வீடுகளை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது. அண்ணன் தம்பி, தண்ணீர், விதவை மருமகள், நியாயம் பார்க்கும் கிழவி என்பதெல்லாம் யார் வேண்டுமானாலும் எடுத்துக் கதை பண்ணக்கூடிய மண். அண்ணன்மார் சாமி கதையை, அதுதான் பொன்னர் சங்கர் கதையை, எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க உடுக்கை அடித்துப் பாடுகிறார்களே, அந்தக் கதைக்கு யார் சொந்தக்காரர்? 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி அதைப் பதிவு செய்த மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் அம்மையாருக்கும் கதை சொந்தமில்லை, பாடியவருக்கும் இல்லை. பாடியவர் பாடிய விதம் அவருடையது, பெக் எழுதிய புத்தகம் பெக்குடையது. பொன்னரும் சங்கரும் அருக்காணித் தங்கமும் ஊருக்குப் பொது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் காப்பது கருத்தை அல்ல, அந்தக் கருத்துக்கு நீங்கள் கொடுத்த உருவத்தை. இதில் இன்றைக்கும் எல்லா வக்கீலும் முதலில் எடுப்பது ஆர்.ஜி. ஆனந்த் வழக்கு. அவர் டெல்லி நாடகக்காரர். பஞ்சாபி, மதராசி என்று பிரிந்து நிற்கும் இரண்டு குடும்பங்களைப் பற்றி 1953இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்று ஒரு நாடகம் எழுதினார். 1955இல் மோகன் சேகல் என்ற இயக்குநருக்கு அந்த நாடகத்தை முழுக்கச் சொல்லிக் காட்டினார். மறு வருடமே சேகலின் 'நியூ டெல்லி' வந்தது. அதில் பஞ்சாபிப் பையன், தமிழ்ப் பெண். ஆனந்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழ்க் கோர்ட், டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் மூன்றிலும் அவர் தோற்றார். 1978இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம் இது: மாநில வேற்றுமை என்ற கரு யாருக்கும் தனிச் சொத்து இல்லை, நாடகம் கல்யாணத்தோடு நிற்கிறது, படமோ வாடகை வீடு, வரதட்சணை என்று வேறு இடங்களுக்கும் போகிறது, இரண்டையும் பார்த்த சாதாரண ஆளுக்கு 'இது அதன் நகல்' என்று சந்தேகமில்லாமல் தோன்றினால்தான் மீறல். கதையை நேரில் கேட்டவரே படம் எடுத்திருந்தும் ஆனந்த் தோற்றார் என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'நான் அனுப்பினேன், அவர் படித்தார்' என்பது மட்டும் போதாது.

சரி, டைம்பீஸுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு கனத்த இடம் இதுதான். டைம்பீஸைத் திருப்பி வைத்தது உங்கள் சொந்த ஆத்தா என்கிறீர்கள். அந்தக் கதையில் உங்கள் உயிர் இருப்பதே அங்கேதான். ஆனால் உண்மையில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆத்தா செய்தது உங்கள் சித்தப்பாவுக்குத் தெரியும், அக்கம்பக்கத்துச் சாளைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். இடம் பார்க்க வந்த பையனுக்கு டீக்கடையில் யாராவது சொல்லியிருக்கலாம். எதிர்த் தரப்பு வக்கீல் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார். உங்கள் வாயாலேயே "நடந்ததுதான்" என்று வந்துவிட்டால், டைம்பீஸ் அங்கேயே கையை விட்டுப் போகும். நடந்ததை நடக்கவில்லை என்று மாற்றிச் சொல்லும் எண்ணம் வேண்டாம். அது பொய்ச் சாட்சி, உங்கள் ஆத்தாவுக்கும் அது அழகில்லை.

அப்படியானால் உங்களிடம் என்னதான் இருக்கிறது? "மற்றதெல்லாம் நான் சேர்த்தது" என்று ஒரு வரியில் கடந்து போய்விட்டீர்களே, அதுதான் இருக்கிறது.

அந்தப் போசியைப் பாருங்கள். உங்கள் கதையில் மூத்த மருமகளுக்குக் கைக்குழந்தை. அலாரம் அடித்தால் குழந்தை வீறிட்டு எழுந்துகொள்ளும். அதனால் ஆத்தா டைம்பீஸைப் பித்தளைப் போசிக்குள் வைத்து, மேலே பழைய சேலைத் துணியைச் சுற்றி, தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள். அவள் காதுக்கு மட்டும் கிணுகிணுவென்று கேட்கும். படத்திலும் டைம்பீஸ் போசிக்குள்தான் இருக்கிறது, மேலே துணியும் சுற்றியிருக்கிறது. ஆனால் படத்தில் அந்த மருமகளுக்குக் குழந்தையே இல்லை! திண்ணையில் ஆத்தா தனியாகப் படுத்திருக்கிறாள். யார் தூக்கம் கெடும் என்று அந்தத் துணி? படத்தில் அதற்குப் பதில் கிடையாது. காரணத்தை வெட்டிவிட்டார்கள், காரியம் மட்டும் தங்கிவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒருவர் தானாக யோசித்து எழுதினால் இப்படி வராது. இன்னொருவர் பக்கத்தைப் பார்த்து எழுதும்போதுதான் இப்படி ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, தம்பி விழித்துக்கொள்ளும் இடம். நீங்கள் எழுதியபடி அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான், முறை முடிந்து எட்டு நிமிடம் ஆகியிருக்கிறது. எழுந்து உட்காருகிறான். அப்புறம் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறான். ஒரு வசனம் இல்லை. படத்தில் அவன் கையில் செல்போன். மணி பார்க்கிறான், எழுந்து உட்காருகிறான், போனைக் கவிழ்த்து வைக்கிறான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறான். கடிகாரம் செல்போன் ஆகியிருக்கிறது, வேறு மாற்றம் இல்லை. மாறுவேடம் போட அங்கங்கே செய்யும் இந்த மாதிரிச் சின்ன மாற்றங்கள் நகலை நகல் அல்லாததாக ஆக்கிவிடாது என்று ஆனந்த் வழக்கின் தீர்ப்பிலேயே இருக்கிறது. உங்கள் சித்தப்பா நிஜத்தில் இப்படிச் செய்தாரா, நீங்கள் கற்பனை செய்ததா என்பதை மட்டும் எனக்குத் தெளிவாக எழுதுங்கள். கடிதத்தைப் படித்தவரை கற்பனை என்றுதான் நினைக்கிறேன்.

மூன்றாவது, சம்பவங்களின் வரிசை. சாவு, கருமாதி, முதல் முறை, போசி, தம்பி விழிப்பது, அறுவடைக்குப் பிறகு ஆத்தா டைம்பீஸை மருமகள் கையில் கொடுப்பது. நடுவில் பாட்டும் சண்டையும் தேர்த் திருவிழாவும் செருகியிருக்கிறார்கள். அவற்றை எடுத்துவிட்டால் படத்தின் இரண்டாம் பாதியில் நாற்பது நிமிடம் உங்கள் கதை வரிசையிலேயே போகிறது.

ஆக, இது திருட்டுத்தானா என்ற கேள்விக்கு என் பதில்: முழுப் படமும் உங்கள் கதை என்று சொன்னால் தோற்பீர்கள். அந்த நாற்பது நிமிடம் உங்கள் கதை என்று சொன்னால், வழக்குக்கு நிற்கிற அளவுக்குச் சரக்கு இருக்கிறது.

அண்ணன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். ஃபேஸ்புக் வேண்டவே வேண்டாம். கோவையில் என்னிடம் வந்த ஒருவர் முதல் நாள் இரவே 'திருடன்' என்று பெயர் போட்டு எழுதிவிட்டு, மறுநாள் காலை வக்கீல் தேடி வந்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வருடம் நாங்கள் பேசியதெல்லாம் அவதூறு நோட்டீசைப் பற்றித்தான், அவர் கதையைப் பற்றிப் பேச நேரமே கிடைக்கவில்லை. அவதூறு இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் வருகிறது, இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்திலேயே 60ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஆதாரமில்லாமல் மிரட்டினார் என்று அவர்களே உங்கள்மேல் வழக்குப் போட அது வழி விடுகிறது. போலீசுக்கும் இப்போதைக்குப் போக வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை என்று இருப்பதும், அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதும் உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்பது யாரையும் உள்ளே தள்ளுவதை அல்ல.

முதலில் ஆதாரம். அந்தச் சிற்றிதழின் அந்த இதழ் உங்களிடம் எத்தனை பிரதி இருக்கிறது? ஒன்றுதான் என்றால், இதழ்க்காரர்களிடம் கேட்டு இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள். அச்சிட்ட மாதமும் வருடமும் தெரிகிற பக்கம் கிழியாமல் இருக்க வேண்டும். கதையைப் பதிவு செய்யவில்லையே என்று பயப்பட வேண்டாம், நம் நாட்டில் எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது, பதிவு கட்டாயம் இல்லை. இருந்தாலும் இப்போது பதிவு செய்துவிடுங்கள். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பு உண்டு. வழக்கென்று வந்தால் பதிவேடு முதல் நோக்கில், அதாவது எதிர்த் தரப்பு மறுத்து நிரூபிக்கும் வரை, சாட்சியாக நிற்கும். முதலில் வெளியான வருடம் 2019 என்பதும் அதில் ஏறும்.

இதழ்க்காரர்களுக்கு ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா என்று யோசியுங்கள். நீங்கள் அவர்கள் சம்பளக்காரர் இல்லை, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காத வரை உரிமை உங்களிடம்தான். அப்படியே கொடுத்திருந்தாலும், காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து வருடத்தோடு முடிந்துபோகும்.

அடுத்தது செல்போன். 2021இல் அந்த உதவி இயக்குநருக்குக் கதையை அனுப்பிய போனையே இன்னும் வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதை விற்கவும் வேண்டாம், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கவும் வேண்டாம். அந்த உரையாடலில் ஒரு எழுத்தை அழிக்க வேண்டாம். இப்போது அவருக்குப் புதிதாக எதுவும் எழுதவும் வேண்டாம், கோபமாகவும் சரி, அன்பாகவும் சரி. வெறும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் கோர்ட்டில் நீட்ட முடியாது. சாட்சியச் சட்டத்தில் பழைய 65பி, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, அதன்படி சான்று சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் பார்த்துக்கொள்வோம், போன் பத்திரமாக இருந்தால் போதும். "அருமைங்க அக்கா" என்ற அந்த இரண்டு வார்த்தைக்கு நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். கதை அவர் கைக்குப் போனது, அவர் படித்தார், இரண்டும் அதில் இருக்கிறது.

இதற்குப் பிறகு வக்கீல் நோட்டீஸ். தயாரிப்பு நிறுவனம், இயக்குநர், அந்த உதவி இயக்குநர் மூன்று பேருக்கும். இயக்குநருக்கு ஒருவேளை உங்கள் கதையைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருக்கலாம். "எங்கள் ஊர்ப் பக்கம் நடந்த சம்பவம் சார்" என்று கீழே இருப்பவர் சொல்ல, மேலே இருப்பவர் நம்பி எடுத்திருக்கலாம். அதனால் நோட்டீசில் வசை இருக்கக் கூடாது. இடது பக்கம் உங்கள் கதை வரி, வலது பக்கம் படக் காட்சி, அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

நோட்டீசோடு முடிந்த விவகாரங்கள் உண்டு. 2018இல் 'சர்கார்' படத்தின் மேல் வருண் ராஜேந்திரன் புகார் சொன்னது நினைவிருக்கும். கள்ள ஓட்டில் தன் ஓட்டைப் பறிகொடுத்தவனைப் பற்றி 'செங்கோல்' என்று ஒரு கதையை 2007லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். அப்போது சங்கத் தலைவராக இருந்தவர் உங்கள் கோபிக்குப் பக்கத்து வெள்ளாங்கோவில்காரரான பாக்யராஜ். இரண்டு கதைக்கும் மூலக் கரு ஒன்றுதான் என்று சங்கம் பார்த்துச் சொன்னது. இயக்குநர் முருகதாஸ், கதை தன்னுடையதுதான் என்று உறுதியாக நின்றார். கடைசியில் படம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னால், அக்டோபர் 30ஆம் தேதி, உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, வருண் பெயரைச் சொல்லும் அட்டை படத்தில் சேர்ந்தது. அவர் கையில் பதிவு இருந்தது, வெளியீட்டுத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, எதிர்த் தரப்புக்கு அவசரம். உங்களுக்கு அந்த அவசரம் துணைக்கு இல்லை, படம் ஓடி முடிந்துவிட்டது. சமரசம் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

வரவில்லை என்றால் வழக்கு. சென்னைக்கு அலைய வேண்டியிருக்குமோ என்றுதான் உங்கள் வீட்டுக்காரர் பயப்படுகிறார் போலிருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள், பதிப்புரிமைச் சட்டம் 62ஆம் பிரிவின்படி உரிமைக்காரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள் ஈரோட்டிலேயே போடலாம். படம் வெளிவந்த நாளிலிருந்து மூன்று வருடம் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வணிக வழக்கு என்பதால், அவசரத் தடை கேட்காத பட்சத்தில் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். அந்த மேஜையிலேயே முடிய வாய்ப்பு இருக்கிறது. முடியாவிட்டால் எவ்வளவு காலம் என்று கேட்பார். மறைக்காமல் சொல்கிறேன், நீளும். 1996இல் ஓர் இதழில் வந்த தன் 'ஜுகிபா' சிறுகதைதான் 2010இல் வந்த 'எந்திரன்' என்று ஆரூர் தமிழ்நாடன் வழக்குப் போட்டார். சிவில் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல்தான் தீர்ப்புச் சொன்னது, அதுவும் வழக்குத் தள்ளுபடி என்று. எல்லா வழக்கும் பதின்மூன்று வருடம் போகாது. ஆனாலும் வெள்ளாமையை விட்டுவிட்டுக் கோர்ட்டே கதி என்று இறங்கும் காரியம் இல்லை இது.

பணம் வேண்டாம் என்றால் வேறு என்ன வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்குத் தோன்றுவது பெயர். சட்டத்தில் அதற்கென்றே 57ஆம் பிரிவு இருக்கிறது. 'இது என் படைப்பு' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்த பின்னாலும் எழுதியவரோடு இருக்கும். இணையத் தளங்களில் படம் இன்னும் ஓடுவதால், தலைப்புப் பகுதியில் 'இவருடைய சிறுகதையைத் தழுவிய பகுதிகளோடு' என்று ஒரு வரி சேர்ப்பது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. நோட்டீசில் இதை முதல் கோரிக்கையாக வைப்போம். பணத்தை மட்டும் 'வேண்டவே வேண்டாம்' என்று இப்போதே எழுத்தில் கொடுத்துவிடாதீர்கள். ஏழாயிரம் எழுத்துக்கு உங்களுக்கு ஒரு கூலி உண்டு, பஞ்சு எடுக்கிறவருக்கும் மஞ்சள் வெட்டுகிறவருக்கும் உள்ள மாதிரி. கூலி கேட்பது பேராசை ஆகாது.

அண்ணன் மகனுக்குக் கை பரபரக்கிறது என்றால் அவனுக்கு நல்ல வேலை ஒன்று இருக்கிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு படத்தைப் போடச் சொல்லுங்கள். எந்தக் காட்சி, எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடியில் தொடங்குகிறது என்று வலது பக்கத்தில் எழுதட்டும். அதற்கு நேராக இடது பக்கத்தில் உங்கள் கதையின் பக்கமும் வரியும். நிஜமாக நடந்தவற்றின் மேல் நீங்கள் பச்சை மையில் ஒரு புள்ளி வையுங்கள், நீங்கள் கட்டியவற்றின் மேல் சிவப்பு. அந்த நோட்டு, இதழ், செல்போன் மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர் கேட்க நினைப்பதையெல்லாம் என்னிடம் நேரில் கேட்கட்டும்.